முறுக்கு பிரிந்த ஃபைல்: வளைந்த வேர்க்கால்வாயில் உருப்பெருக்கி சொன்னதும் சொல்லாததும்

வேர் சிகிச்சை செய்யும்போது, வேர்க்கால்வாயைக் குடைந்து சுத்தம் செய்யும் மெல்லிய கம்பிக் கருவியான ஃபைல் உள்ளே முறிந்துவிட்டால், "எந்த அறிகுறியும் இல்லாமல் திடீரென்று முறிந்தது" என்று சொல்வது பல் மருத்துவர்களிடையே வழக்கம். அது பாதி உண்மை. முறிவில் ஒரு வகை முன்கூட்டியே அடையாளம் காட்டிவிடும். பெரிதாக்கிப் பார்த்தால் போதும், பிடிபடும். இன்னொரு வகை எந்த அடையாளமும் காட்டாது. நல்ல மைக்ராஸ்கோப்பில் பார்த்தாலும் புதிது போலவே பளபளக்கும்.

இந்த நிகழ்வில் ஒரே பல்லுக்காக மூன்று சுழல் ஃபைல்களை (மோட்டாரில் சுழலும் ஃபைல்களை) கழித்துவிட்டோம். இரண்டை மைக்ராஸ்கோப் பார்த்துக் கழித்தது. மூன்றாவது ஃபைலில் மைக்ராஸ்கோப் எந்தக் குறையும் காட்டவில்லை. அதையும் கழித்தோம். அந்த மூன்றாவதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நோயாளி

நாற்பதைக் கடந்த பெண்மணி. முக்கூடல் பக்கம் ஒரு கிராமம். பீடி சுற்றும் வேலை. கீழ்த்தாடையில் வலப்பக்க முதல் கடைவாய்ப்பல்லில் வலி. மெடிக்கல் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுப் போட்டு, அதற்கும் அடங்காமல் போனபின் பஸ் ஏறி எங்கள் கிளினிக்குக்கு வந்தார்.

"டாக்டரம்மா, சுடுதண்ணி பட்டாலே உசுரு போவுது. ராத்திரி ஒரு பொட்டு உறங்கல. பிடுங்கிப் போட்டுருங்க, ஒரே நாள்ல வேலை முடிஞ்சுரும்லா."

நெல்லைச் சீமையில் வேலை செய்யும் பல் மருத்துவர் யாருக்கும் இந்தக் கோரிக்கை புதிதல்ல. கூலி, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கணக்கில். ஒருநாள் தட்டை ஓரமாக வைத்தால் அன்றைய கூலி இல்லை. இப்படிப்பட்டவரை நான்கைந்து தடவை அலைய வைப்பது சிகிச்சையில் ஒரு குறைதான் என்று நினைக்கிறேன். அதனால் திட்டத்தை முதலிலேயே சுருக்கிச் சொன்னேன்: "பல்லு நல்லா உறுதியா இருக்குக்கா, காப்பாத்திரலாம். இன்னைக்கு வலிய நிறுத்திருவோம். இன்னொரு நாள் வந்தா உள்வேலைய முடிச்சிரலாம். அப்புறம் கேப்பு மாட்ட ஒரு தடவை."

அவர் உடனே ஒரு கேள்வி கேட்டார். "உள்ள விட்டுக் குடையிற கம்பி முறிஞ்சிரும்ங்காவளே, நெசமா? எங்க தெருவுல ஒருத்திக்கு அப்படி ஆயிருக்கு."

நிஜம்தான், முறிவது உண்டு என்றேன். அப்படி முறிந்தாலும் பல் போய்விட்டதாக அர்த்தமில்லை. முறியாமல் இருக்க என்னென்ன பார்ப்போம் என்பதையும் சொல்லி, எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொண்டோம். ஃபைல் முறிவைப் பற்றி நோயாளியிடம் முன்பே பேசுவது அவரைப் பயமுறுத்தும் என்று சிலர் தவிர்க்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தெருவில் அரைகுறையாகக் கேள்விப்பட்டு வரும் பயத்தைவிட, மருத்துவர் நேரில் சொல்லும் உண்மை குறைவாகவே பயமுறுத்துகிறது.

சர்க்கரை, ரத்த அழுத்தம், மருந்து ஒவ்வாமை எதுவும் இல்லை. குளிர்ச்சி சோதனையில் வலி எழுந்து, குளிர்ச்சியை எடுத்த பிறகும் வெகுநேரம் நின்றது. தட்டினால் லேசான வலி. எக்ஸ்ரேயில் பின்பக்கச் சொத்தை, பல்லுக்குள் இருக்கும் நரம்பும் ரத்தக்குழாயும் சேர்ந்த பற்கூழைத் தொட்டிருந்தது. வேர் நுனியைச் சுற்றி எலும்பு சேதம் இல்லை. பற்கூழில் மீள முடியாத அழற்சி என்று முடிவுக்கு வந்தேன்.

எக்ஸ்ரேயில் என் கண் நின்றது முன்வேரில். மேற்பாதி நேராக இறங்கி, கீழே பின்பக்கமாக நன்றாக வளைந்திருந்தது. 1971-இல் ஷ்னைடர் வகுத்த முறையில் அளந்தால் 30 டிகிரிக்கு மேல். அவருடைய பகுப்பில் 25 டிகிரிக்கு மேற்பட்டது கடும் வளைவு. அதுவும் இரு பரிமாணப் படத்தில் தெரியும் வளைவு மட்டும்தான். கன்னத்துப் பக்கமோ நாக்குப் பக்கமோ போகும் வளைவு அதில் விழாது.

அன்று மரத்துப்போக ஊசி போட்டு, மேற்கூழை மட்டும் எடுத்து, தற்காலிகமாக அடைத்து அனுப்பினேன். வலி நின்றது.

முதல் ஃபைல்: மேசையிலேயே கழிந்தது

இரண்டாவது வருகைக்கு முந்தைய மாலை, அந்தப் பல்லுக்கான ஃபைல்களை எடுத்து வைத்தோம். வெப்பப் பதமிட்ட நிக்கல்-டைட்டானியம் ஃபைல்கள், நான்கு சதவீதச் சரிவு (நுனியிலிருந்து ஒவ்வொரு மி.மீ. மேலே போகும்போதும் 0.04 மி.மீ. தடிப்பது), நுனி அளவு 20, 25. எங்கள் கிளினிக்கில் ஒவ்வொரு ஃபைலுக்கும் பதிவேடு உண்டு: எந்தப் பல், எத்தனை கால்வாய், வளைவு இருந்ததா இல்லையா. 20 அளவு ஃபைல் அதற்கு முன் நேரான வேருள்ள ஒரு முன்கடைவாய்ப்பல்லில் மட்டும் ஓடியிருந்தது. பதிவேட்டின்படி இன்னும் வேலைக்கு ஆகும்.

வெறும் கண்ணுக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை. இது கண்ணின் குறை அல்ல, அளவின் விளைவு. நுனி 0.20 மி.மீ. நான்கு சதவீதச் சரிவில் நான்கு மி.மீ. மேலே போனால் 0.36 மி.மீ. படிக்கும் தூரத்தில் சாதாரணக் கண் பிரித்தறியும் நுணுக்கமே சுமார் 0.1 முதல் 0.2 மி.மீ. வரைதான். ஃபைலின் மொத்தக் கனமே கண்ணின் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும்போது, அதன் புரியில், அதாவது திருகாணி வரி போலச் சுற்றிப் போகும் முறுக்கில் வந்த மாற்றம் எப்படித் தெரியும்? தோராயமாக 0.2 மி.மீ. என்று வைத்துக் கணக்குப் போட்டால், 2.5 மடங்கு லூப்பில் (கண்ணில் மாட்டிக்கொள்ளும் உருப்பெருக்கியில்) 0.08 மி.மீ. வரையும், 16 மடங்கு மைக்ராஸ்கோப்பில் 0.0125 மி.மீ. வரையும் பார்வை இறங்குகிறது. வெளிச்சம் சரியாக விழுந்தால்தான் இதுவும்.

லூப்பில் பார்த்தபோது நுனியிலிருந்து நான்கு மி.மீ. அளவில் ஓரிடம் மட்டும் கொஞ்சம் அதிகமாக மின்னியது. மைக்ராஸ்கோப்பில் வைத்தபோது காரணம் விளங்கியது. அங்கே இரண்டு புரிகள் நீண்டு, முறுக்கு தளர்ந்து கிடந்தன. நுனி எங்கோ சிக்கி நிற்க, மேற்பகுதியை மோட்டார் தொடர்ந்து திருகியிருக்கிறது. நேரான வேர்தான், ஆனாலும் குறுகலான இடத்தில் ஒரு நொடி கவ்வினாலே போதும்.

வெப்பப் பதமிட்ட ஃபைல்களில் சிலவற்றில், இப்படித் தளர்ந்த புரி ஆட்டோகிளேவ் (நீராவியில் கிருமி நீக்கும் கருவி) சூட்டில் பழைய வடிவத்துக்குத் திரும்பும். திரும்பாவிட்டால் அந்த ஃபைலைக் கழித்துவிட வேண்டும் என்பது விதி. இதை 134 டிகிரியில் ஓட்டி எடுத்தோம். ஒரு புரி திரும்பியது, மற்றது திரும்பவில்லை. கழித்தாயிற்று. இரண்டும் திரும்பியிருந்தால் என்ன செய்திருப்பேன்? நேரான கால்வாய்க்கு ஒருவேளை வைத்திருப்பேன். இந்த வேருக்கு எடுத்திருக்க மாட்டேன். வடிவம் திரும்பியது என்பதால் உலோகம் பட்ட பாடு அழிந்துவிடாது.

எப்படிப் பார்க்கிறோம்

மைக்ராஸ்கோப் வைத்திருக்கும் நண்பர்கள் சிலரே ஃபைலைப் பார்க்கும்போது நேராக உச்ச உருப்பெருக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். அதனால் இதை விரிவாகவே சொல்கிறேன். புரி பிரிந்திருப்பதை நாம் கண்டுபிடிப்பது ஒரு புரியைப் பக்கத்துப் புரிகளோடு ஒப்பிட்டுத்தான். உருப்பெருக்கம் கூடக்கூடப் பார்வைப் புலம் சுருங்கும், ஒரே நேரத்தில் தெளிவாகத் தெரியும் ஆழமும் குறையும். 25 மடங்கில் ஃபைலின் ஒரு பகுதிதான் தெரியும். அதில் ஒரு புரி நீண்டிருக்கிறதா இல்லையா என்று எதை வைத்துச் சொல்வது? ஆகவே முதலில் ஆறு முதல் பத்து மடங்கில் ஃபைல் முழுவதையும் ஓட்டிப் பார்க்க வேண்டும். சந்தேகப்பட்ட இடத்தில் மட்டும் பதினாறுக்கு மேல் போனால் போதும்.

ஃபைலைப் பிடித்து விரல்களுக்கிடையே மெதுவாக உருட்ட வேண்டும். பின்னணி கறுப்பாகவோ கருநீலமாகவோ இருந்தால் நல்லது. நல்ல ஃபைலில் வெளிச்சப் புள்ளிகள் ஒழுங்கான இடைவெளியில் படியேறிப் போகும். புரி பிரிந்த இடத்தில் புள்ளி கோடாக இழுபடும். முறுக்கு இறுகிய இடத்தில் புள்ளிகள் நெருங்கி நிற்கும். பலர் பிரிந்த புரியைத்தான் தேடுகிறார்கள். இறுகிய புரியும் அதே அளவு கெட்ட செய்திதான்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. இப்போது வரும் ஃபைல்கள் பலவற்றில் புரிகளின் இடைவெளியை வேண்டுமென்றே மாற்றி மாற்றி அமைக்கிறார்கள், கால்வாய்க்குள் திருகாணி போல ஏறிவிடாமல் இருப்பதற்காக. அந்த ஃபைலை முதல்முறை பார்ப்பவருக்குப் புதிய ஃபைலே கெட்டுப்போனது போலத் தெரியும். அதே வகை, அதே அளவில் புதிய ஃபைல் ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதுதான் வழி. நீளத்தையும் அப்போதே ஒப்பிட்டுவிடலாம். நுனியில் அரை மி.மீ. உடைந்து போயிருந்தால், பெரிதாக்கிப் பார்த்தாலும் தனியாக வைத்துப் பார்ப்பவருக்கு அது தப்பிவிடலாம். பக்கத்தில் புதியது இருந்தால் தப்பாது.

ஏமாற்றும் தோற்றங்கள் வேறும் உண்டு. நிக்கல்-டைட்டானியம் ஃபைல்களில் பெரும்பாலானவை கம்பியைச் சாணை பிடித்துச் செய்தவை. சாணைத் தடங்கள் புதிய ஃபைலிலேயே குறுக்குக் கோடுகளாகத் தெரியும். அதைப் பார்த்து வெடிப்பு என்று பதறுவது உண்டு. தடங்கள் ஒரே திசையில், ஒரே சீராக ஓடும். வெடிப்பு என்றால் ஓரிடத்தில் தொடங்கி, ஒழுங்கில்லாமல் போகும். புரிப் பள்ளத்தில் காய்ந்த டென்டின் (பல்லின் உட்திசு) தூள் ஒட்டியிருந்தாலும் வெடிப்பு போல நிழல் விழும். அதனால் அல்ட்ராசோனிக் தொட்டியில் சுத்தம் செய்து உலர்த்திய பிறகுதான் பார்வை. அழுக்கோடு பார்ப்பது பார்க்காததற்குச் சமம். கால்வாய் கழுவும் ஹைப்போகுளோரைட் கரைசலில் ஃபைலை வெகுநேரம் ஊறப் போடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அது உலோகப் பரப்பில் சிறு குழிகளை உண்டாக்கலாம், ஆகவே அதை விட்டுவிடுவது நல்லது.

இரண்டாவது ஃபைல்: கால்வாய் எழுதிக் கொடுத்த குறிப்பு

மறுநாள் ரப்பர் டேம் (பல்லைத் தனித்து மறைக்கும் ரப்பர் விரிப்பு) மாட்டி, மைக்ராஸ்கோப்பின் கீழ் உள்ளே திறந்தேன். மூன்று கால்வாய்கள்: முன்வேரில் இரண்டு, பின்வேரில் அகலமாக ஒன்று. பின்கால்வாயைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை; நேரானது, சீக்கிரம் முடிந்தது.

முன்வேரில் கன்னப்பக்கக் கால்வாய்க்குள் 10 அளவு கை ஃபைல் இறங்கியது. வெளியே எடுத்தபோது நுனி கொக்கி போல மடங்கியிருந்தது. ஸ்டீல் கை ஃபைல் இந்த விஷயத்தில் நேர்மையானது. கஷ்டப்பட்டால் மடங்கியோ முறுக்கு பிரிந்தோ உடனே காட்டிவிடும். 6, 8, 10 அளவுகளை நாங்கள் ஒரு பல்லுக்கு மேல் வைத்துக்கொள்வதே இல்லை. மடங்கியதைப் போட்டுவிட்டு வேறு 10 எடுத்து, பிறகு 15 வரை பாதையைச் சரிசெய்தேன். புதிய 20 அளவு சுழல் ஃபைல் அதில் தடையில்லாமல் முழு நீளத்துக்கும் போனது.

நாக்குப்பக்கக் கால்வாயில்தான் விஷயம். வேர் நுனி வரை அளந்து சொல்லும் அபெக்ஸ் லொகேட்டர் காட்டிய நீளம் 19.5 மி.மீ. 15 அளவு கை ஃபைலும் அந்த நீளத்துக்குப் போனது. ஆனால் லேசான இறுக்கம் இருந்தது. அதே 20 சுழல் ஃபைலை நிமிடத்துக்கு 300 சுற்றில், கம்மியான முறுக்குவிசையில் வைத்து, தொட்டுத் தொட்டு இறக்கினேன். 17.5 மி.மீ. அளவில் நின்றது. தள்ளவில்லை. வெளியே எடுத்து, துடைத்து, மைக்ராஸ்கோப்பின் கீழ் உருட்டிப் பார்த்தேன்.

நுனியிலிருந்து இரண்டு மி.மீ. மேலே ஒரு புரி நீண்டிருந்தது. அன்றுதான் பாக்கெட் பிரித்து எடுத்த புதிய ஃபைல் அது.

இந்த இடத்தில் ஃபைலைத் தூரப் போட்டுவிட்டு இன்னொன்றை எடுத்து அதே கால்வாயில் மறுபடி இறக்குவது இயல்பாகத் தோன்றும். அப்படிச் செய்தால் இரண்டாவது ஃபைலும் அதே இடத்தில் மாட்டும். கெட்டுப்போன ஃபைல் ஒரு தகவலோடுதான் வெளியே வருகிறது. புரி பிரிவது, கவ்விப் பிடிக்கப்பட்ட பகுதிக்குச் சற்று மேலே. ஃபைல் நுனி நின்ற ஆழம் 17.5. பிரிந்த இடம் நுனியிலிருந்து இரண்டு மி.மீ. அப்படியென்றால் கால்வாய் கவ்வியது 15.5-க்கும் 17.5-க்கும் நடுவே. எக்ஸ்ரேயில் வளைவு தொடங்கும் இடமும் ஏறத்தாழ அதுவே. அதாவது குறை ஃபைலில் இல்லை. அந்த இரண்டு மி.மீ. நீளத்தில் பாதை இன்னும் தயாராகவில்லை.

ஃபைலைப் புதியதன் பக்கத்தில் வைத்து நீளம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. உறுதிக்காக ஓர் எக்ஸ்ரே எடுத்து, கால்வாயில் துண்டு எதுவும் இல்லை என்று தெரிந்தபின், 10 அளவு கை ஃபைலுக்குத் திரும்பினேன். நுனியை வளைவுக்கேற்ப முன்கூட்டியே வளைத்து, டென்டினை இளக்கும் 17 சதவீத ஈ.டி.டி.ஏ. கரைசல் விட்டு, அந்த இரண்டு மி.மீ. பகுதியிலேயே பொறுமையாக வேலை. பிறகு 15. இறுக்கம் முழுதாகப் போய், 15 தளர்வாக ஏறி இறங்கும்வரை சுழல் ஃபைலைத் தொடவில்லை. அதன்பின் எடுத்த மற்றொரு புதிய 20 ஃபைல் முழு நீளத்துக்கும் போனது. வெளியே எடுத்துப் பார்த்தபோது புரிகள் ஒழுங்காக இருந்தன.

ஒவ்வொரு கால்வாய்க்குப் பிறகும், தடை தெரிந்தால் ஒவ்வொரு முறை வெளியே எடுக்கும்போதும் ஃபைலைப் பார்ப்பது வேலையை இழுத்தடிக்கும் என்று சொல்வார்கள். மைக்ராஸ்கோப் ஏற்கெனவே பல்லின் மேல் நிற்கிறது. ஃபைலை அதன் பார்வைக்குள் காட்டி ஒரு சுற்று உருட்டச் சில நொடிகள் ஆகும். முறிந்த துண்டை எடுக்க உட்கார்ந்தால் ஆகும் நேரமும், அதற்காக வேரில் இழக்கும் டென்டினும் இதைவிட எத்தனையோ மடங்கு.

மூன்றாவது ஃபைல்: நன்றாகவே இருந்தது

இரண்டு முன்கால்வாய்களையும் 25 அளவு, நான்கு சதவீதச் சரிவு ஃபைலால் முடித்தேன். கழுவி, உலர்த்தி, கட்டாபெர்ச்சா என்னும் ரப்பர் போன்ற பொருளால் அடைத்து, மேலே கட்டி முடித்தாயிற்று.

மாலையில் உதவியாளர் ஃபைல்களைச் சுத்தம் செய்து மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்தார். 25 ஃபைலைக் கழித்துவிடச் சொன்னேன். அவர் அதை மறுபடி உருட்டிப் பார்த்தார். "நல்லாத்தானே இருக்கு டாக்டர். ஒரு புரிகூட மாறல. இதையும் ஏன் தூரப் போடச் சொல்லுதீங்க?"

நியாயமான கேள்வி. நானும் பார்த்தேன். பத்து மடங்கிலும் பதினாறிலும் ஒரு குறையும் இல்லை.

பதில் உலோக அயர்ச்சியில் இருக்கிறது. வளைந்த கால்வாய்க்குள் ஃபைல் சுழலும்போது, வளைவின் வெளிப்பக்கம் இழுபடுகிறது, உட்பக்கம் அமுங்குகிறது. அரைச் சுற்று திரும்பினால் அதே இடம் இழுவையிலிருந்து அமுக்கத்துக்கு மாறுகிறது. நிமிடத்துக்கு 300 சுற்று என்றால் நொடிக்கு ஐந்து தடவை இந்த மாற்றம். கட்டுக்கம்பியை இப்படியும் அப்படியுமாக மடக்கி மடக்கி ஒடிப்பது போன்றதுதான் இது. ஒடியும் கடைசி மடக்குக்கு முந்தைய மடக்கு வரை கம்பி முழுசாகத்தான் இருக்கும். ஃபைலில் வெடிப்பு பரப்பில் தொடங்குகிறது, பல நேரங்களில் சாணைத் தடத்தின் பள்ளத்திலேயே. முதலில் மிக நுண்ணிய அளவில் இருந்து, உள்ளே ஊர்ந்து, மீதமிருக்கும் உலோகம் தாங்காத கட்டத்தில் ஒரேயடியாக அறுகிறது. நம் கிளினிக் மைக்ராஸ்கோப்பில் தெரியும் அளவுக்கு வெடிப்பு வளர்வதற்கும் ஃபைல் முறிவதற்கும் நடுவே இருக்கும் அவகாசம் மிகக் குறைவு. அந்த அவகாசத்தில் நாம் சரியாக அந்த இடத்தைப் பார்ப்போம் என்று நம்பி வேலை செய்ய முடியாது.

2000-இல் சட்டப்பான் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. சாதாரண உபயோகத்துக்குப் பின் கழித்த 378 சுழல் ஃபைல்களை அவர்கள் பார்த்தார்கள். 21 சதவீதம் முறிந்திருந்தன. இன்னொரு 28 சதவீதம் முறியாமல், ஆனால் வடிவம் கெட்டிருந்தன. முறிந்தவற்றில் 55.7 சதவீதம் முறுக்குவிசையால், 44.3 சதவீதம் வளைவு அயர்ச்சியால். முக்கியமான செய்தி இனிமேல்தான்: முறுக்குவிசையால் முறிந்த ஃபைல்களில் முறிந்த இடத்துக்கு மேலே புரி மாற்றம் தெரிந்தது. அயர்ச்சியால் முறிந்தவற்றில் முறிந்த இடத்தை ஒட்டி எந்த மாற்றமும் தெரியவில்லை.

2004-இல் பரஷோஸ் குழுவினர் நான்கு நாடுகளைச் சேர்ந்த 14 வேர் சிகிச்சை நிபுணர்கள் கழித்த 7159 ஃபைல்களைப் பார்த்தார்கள். முறிவு 5 சதவீதம், புரி பிரிந்தவை 12 சதவீதம். அந்த 5 சதவீதத்தில் அயர்ச்சி முறிவு 3.5, முறுக்கு முறிவு 1.5. அனுபவமுள்ள கைகளில் முறுக்கு முறிவு குறைந்து, மிஞ்சுவது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத வகை என்று இதை நான் படிக்கிறேன். குறைபாடுகளைத் தீர்மானித்ததில் முதன்மையான காரணி ஃபைலைப் பிடித்த கைதான், எத்தனை முறை உபயோகித்தார்கள் என்பது மட்டுமல்ல என்றும் அந்த ஆய்வு சொன்னது.

ஆகவே உதவியாளரிடம் சொன்னது இதுதான். மைக்ராஸ்கோப்புக்கு ஃபைலைக் கழிக்க அதிகாரம் உண்டு. பாஸ் போட அதிகாரம் இல்லை. அதில் குறை தெரிந்தால் பதிவேடு என்ன சொன்னாலும் அந்த ஃபைல் போக வேண்டும். முந்தைய நாள் 20 ஃபைலுக்கு நடந்தது அது. குறை தெரியாவிட்டால், ஃபைல் எந்தெந்தக் கால்வாயில் ஓடியது என்று பதிவேட்டைக் கேட்க வேண்டும். 30 டிகிரிக்கு மேல் வளைந்த இரண்டு கால்வாய்களில் ஓடியது என்று பதிவேடு சொன்னால், எவ்வளவு பளபளத்தாலும் அது கழிய வேண்டியதுதான். அவர் அதைக் கூர்முனைக் கழிவுக்கான வெள்ளைப் பெட்டியில் போட்டு, பதிவேட்டில் "கடும் வளைவு, கழித்தது" என்று எழுதினார்.

செலவு, வசதி

ஒருமுறை உபயோகித்த ஃபைலை அத்தோடு கழித்துவிடுவதே நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தயாரிப்பாளர்கள் பலரும் அப்படித்தான் அச்சிடுகிறார்கள். பிரிட்டனில் 2007-இல், பிரியான் நோய் (வழக்கமான கிருமி நீக்கத்தில் எளிதில் அழியாத புரதத்தால் வரும் மூளை நோய்) பரவும் அபாயத்தைக் காரணம் காட்டி, வேர் சிகிச்சை ஃபைல்களை ஒருமுறைப் பொருளாகவே நடத்தும்படி அரசு அறிவுறுத்தியது. நம் பக்கத்தில் பெரும்பாலான கிளினிக்குகளில் ஃபைலை மறுபடி உபயோகிக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. ஒரு ஃபைல் சில நூறு ரூபாய். பல்லுக்கு மூன்று நான்கு வேண்டும். பீடிக் கூலியில் வாழும் குடும்பத்திடம் அதை முழுதாக ஏற்றினால் அவர்கள் பல்லைப் பிடுங்கத்தான் போவார்கள். இந்த நோயாளியிடம் கழித்த ஃபைல்களுக்குத் தனியாக வாங்கவில்லை. சொன்ன தொகைதான்.

நடைமுறையில் நான் வலியுறுத்துவது இவ்வளவு: நேரான கால்வாயில் ஓடிய ஃபைலை மறுபடி எடுக்கிறீர்கள் என்றால் பெரிதாக்கிப் பார்த்த பிறகே எடுங்கள். வளைந்த கால்வாய்க்குப் புதியது எடுங்கள், அதோடு முடித்துக்கொள்ளுங்கள்.

வள்ளியூர், நாங்குநேரி, அம்பாசமுத்திரம், களக்காடு என்று சிறிய ஊர்களில் தனியாகக் கிளினிக் நடத்தும் நண்பர்கள், "எங்களிடம் மைக்ராஸ்கோப் ஏது?" என்று கேட்பார்கள். ஃபைல் பார்ப்பதற்கென்று மைக்ராஸ்கோப் வாங்கச் சொல்ல மாட்டேன். புரி பிரிந்ததில் பெரும்பகுதி 2.5 மடங்கு லூப்பிலேயே சந்தேகப்படும் அளவுக்குத் தெரியும், நல்ல விளக்கு இருந்தால். அதைவிடக் குறைந்த செலவில், நகைக்கடைக்காரர்கள் வைரம் பார்க்கும் பத்து மடங்குக் கண்ணாடி கிடைக்கிறது. பல்லுக்குள் பார்க்க அது உதவாது. மேசையில் வைத்த ஃபைலைப் பார்க்கத் தாராளமாகப் போதும். கண்ணாடியைக் கண்ணோடு ஒட்டி வைத்து, ஃபைலை அதன் அருகே கொண்டுவர வேண்டும். செல்போன் கேமராவில் நெருக்கமாக எடுத்துப் பெரிதாக்குவதும் உபயோகமானதே; அதில் இன்னொரு நன்மை, புதிய ஃபைலின் படத்தைச் சேமித்து வைத்து ஒப்பிட்டுக்கொள்ளலாம். இந்தக் கருவிகளில் தெரியாதது மெல்லிய மாற்றங்களும் வெடிப்பும். வெடிப்பை நம்பகமாகக் காட்டுவது மைக்ராஸ்கோப்பாலும் ஆகாது என்பதால், பதிவேடு எல்லோருக்கும் ஒரே அளவுதான் தேவை. அதற்கு ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

முறிந்தே விட்டால்

இந்த நிகழ்வில் முறிவு நடக்கவில்லை. ஆனால் நோயாளி முதல்நாள் கேட்ட கேள்விக்குச் சொன்ன பதிலின் அடிப்படையை இங்கே வைக்க வேண்டும். 2005-இல் ஸ்பிலி குழுவினர் 8460 சிகிச்சைகளைப் பார்த்தார்கள். முறிந்த கருவித்துண்டு தங்கியது 3.3 சதவீதப் பற்களில். துண்டு இருந்த பற்களில் 91.8 சதவீதமும், அவற்றோடு ஒப்பிட எடுத்துக்கொண்ட துண்டில்லாத பற்களில் 94.5 சதவீதமும் குணமடைந்தன. இந்த வேறுபாடு புள்ளியியல்படி முக்கியத்துவம் உள்ளதல்ல. வேர் நுனியில் முன்பே புண் இருந்த பற்களில் இரு பக்கமும் வெற்றி குறைவு: துண்டு இருந்தவற்றில் 86.7, இல்லாதவற்றில் 92.9. துண்டு உள்ளே இருப்பதாலேயே பல்லை எடுக்க வேண்டியதில்லை என்று நோயாளியிடம் தைரியமாகச் சொல்லலாம். அதற்காக முறிவை லேசாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. துண்டுக்குக் கீழே சுத்தம் செய்ய முடியாத கால்வாய் எவ்வளவு மிச்சம், அங்கே கிருமி எவ்வளவு என்பதைப் பொறுத்து முடிவு மாறும்.

பின்தொடர்தல்

கேப்பு மாட்டிய பிறகு அந்தப் பெண்மணி ஆறாவது மாதமும், ஒரு வருடம் கழித்தும் எக்ஸ்ரேக்கு வந்தார். வேர் நுனியைச் சுற்றி எலும்பு இயல்பாக இருந்தது. தட்டினால் வலியில்லை. அந்தப் பக்கமே மெல்லுவதாகச் சொன்னார். இரண்டாம் தடவை வந்தபோது தங்கையையும் கூட்டி வந்தார். தங்கைக்கும் கீழ்க் கடைவாய்ப்பல், எக்ஸ்ரேயில் இன்னும் கடுமையான வளைவு. இரண்டு முன்கால்வாய்களுக்கும் தனித்தனியாகப் புதிய ஃபைல்கள் எடுத்து வைக்கும்படி உதவியாளரிடம் சொன்னேன்.